ஆறாவதுக்கு எந்த ஸ்கூல்?

கேள்வி: அக்கா, என் பொண்ணு எங்க ஊரு யூனியன் ஸ்கூல்ல அஞ்சாவது படிக்கிறா, அதுக்கு மேல இங்க கிளாஸ் இல்ல. எட்டாவது வரைக்கும் மெட்ரிக்ல போட்டுட்டு ஒன்பதாவதுல கவர்மெண்ட்டுக்கு மாத்திட்டா டாக்டர் சீட் கோட்டா கிடைச்சிடும்ங்கிறார் வீட்டுக்காரர். மாமியார் டவுன்ல இருக்கற எய்டட் கேர்ள்ஸ் ஸ்கூல்தான்னு நிக்கிறாங்க. என்ன பண்றது?
- ஒரு வாசகி, விருத்தாசலம்

பதில்: உங்க வீட்டுக்காரர் கணக்கு இடிக்குதும்மா. 2020-ல வந்த அந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறாவதுலேருந்து ப்ளஸ் டூ வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்லயே படிச்சிருக்கணும், மூணு வருஷம் ஃபீஸ் கட்டி மெட்ரிக்ல படிச்சிட்டு வந்தா போச்சு. மறு வருஷமே இன்ஜினியரிங், அக்ரி, லா எல்லாத்துக்கும் இத கொண்டு வந்துட்டாங்க, ஆனா எய்டட் ஸ்கூலுக்குக் கிடையாது, ரெண்டும் ஒண்ணுதான்னு நெறைய பேர் நெனச்சிட்டு இருக்காங்க. புதுமைப்பெண் மாசம் 1000 ரூபா மட்டும் எய்டட்ல தமிழ் மீடியம் படிச்ச பொண்ணுங்களுக்கும் காலேஜ் போறப்ப கிடைக்குது, மாமியார்கிட்ட அத சொல்லுங்க, சந்தோஷப்படுவாங்க.

அதுக்காக கோட்டாவ மட்டும் வெச்சு ஸ்கூல முடிவு பண்ணாதீங்க. பத்து வயசுப் பொண்ணு டாக்டராகப் போறாளான்னு யாருக்குத் தெரியும்! சாயங்காலம் ஸ்கூல் விடற நேரத்துல கேட் பக்கம் போய் நில்லுங்க, ஏழாவது எட்டாவது படிக்கிற பொண்ணுங்ககிட்ட கணக்கு நோட்ட வாங்கிப் பாருங்க, டிக் மட்டும் வரிசையா விழுந்திருக்கா, இல்ல தப்பான ஸ்டெப்ப சுழிச்சுப் பக்கத்துல டீச்சர் எழுதியிருக்காங்களான்னு, எனக்குக் கேட்டா ரிசல்ட் பேனர விட அந்த நோட்டுதான் நம்பிக்கை. அப்படியே பாத்ரூம்ல தண்ணி வருதான்னும் அந்தப் பொண்ணுங்களையே கேளுங்க, ஹெச்எம் வருதுன்னுதான் சொல்வாங்க, வயசுக்கு வரப்போற பொண்ணு, நாள் பூரா தண்ணி குடிக்காம அடக்கிட்டு உக்காரக் கூடாது. ப்ளஸ் ஒன்ல என்னென்ன குரூப் இருக்கு, பிசிக்ஸுக்கு ஆள் இருக்காங்களான்னும் விசாரிங்க, அங்கயே பன்னெண்டாவது வரைக்கும் இருக்கணும்ல.

மெட்ரிக்தான்னு வீட்ல அடம்பிடிச்சா, அரசு ஃபீஸ் கமிட்டி அந்த ஸ்கூலுக்கு எவ்ளோ நிர்ணயிச்சிருக்குன்னு பாத்துட்டு அப்புறம் வேன், புக்கு, யூனிஃபார்ம்னு மேல ஏறறத தனியா எழுதி அவர்கிட்டயே கூட்டச் சொல்லுங்க. என் ஓட்டு டவுன்ல இருக்கற கவர்மெண்ட் கேர்ள்ஸ் ஸ்கூலுக்கு, ஆனா காலைல அந்த நேரத்து பஸ்ல ஒரு தடவ பொண்ணோட ஏறிப் போய்ப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க, படிக்கட்டுல தொங்கற கூட்டம்னா எய்டட்டே தேவல.