சுடுவதற்கென்றே வளர்க்கும் பறவைகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்காவில் தென் டகோட்டாவில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன், அங்கே ஒரு தனியார் வேட்டைப் பண்ணையில் பணம் கட்டி ஃபெசன்ட் பறவைகளைச் சுட்டதாகப் படம் அனுப்பியிருந்தான். கானாடுகாத்தான் பக்கம் எங்களுக்கு மானாவாரி நிலமும் சிறிய காடைப் பண்ணையும் இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளில் தங்க வரும் சுற்றுலாப் பயணிகளுக்காக அப்படியொரு வேட்டைத் திடலை இங்கே நடத்தலாமா? வளர்ப்புக் காடைக்கு வனத்துறை உரிமம் வேண்டாம் என்கிறார்களே? (வாசகர், காரைக்குடி)

பதில்: நடத்தக் கூடாது, சட்டமும் அதற்கு இடம் தராது. ஜப்பானியக் காடையை இறைச்சிக்கும் முட்டைக்கும் வளர்க்க வனத்துறை உரிமம் தேவையில்லை என்பது உண்மைதான், ஆனால் அந்த விலக்கு வளர்ப்புக்கு மட்டுமே உரியது. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் மனிதரைத் தவிர்த்த எல்லா உயிர்களையும் விலங்கு என்றே கொள்கிறது. அதன் 11-ஆவது பிரிவின்படி, அடைத்து வைத்த உயிர்களைச் சுடுவதற்கென்றே திறந்துவிட்டு நடத்தும் துப்பாக்கிப் போட்டியை ஏற்பாடு செய்வதும் குற்றம், அதில் கலந்துகொள்வதும் குற்றம். போட்டி இல்லை, பொழுதுபோக்குத்தான் என்று பெயரை மாற்றிக்கொண்டாலும், தேவையற்ற கொடுமையோடு கொல்வதைத் தடுக்கும் விதி அதே பிரிவில் இருக்கிறது. திடலில் எழும் காட்டுக் கௌதாரி மீது குண்டு பட்டுவிட்டால், 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

உங்கள் அண்ணன் மகன் அனுப்பிய படத்துக்குப் பின்னால் நடப்பதையும் அறிந்துகொள்ளுங்கள். ஃபெசன்ட் நம் மயிலின் குடும்பத்துப் பறவை. சீனாவிலிருந்து 1880-களில் கொண்டுபோய் அமெரிக்காவில் விட்டார்கள். தென் டகோட்டாவில் காட்டு ஃபெசன்டை வேட்டையாடுகிறவர் அக்டோபரில் பருவம் தொடங்கும்வரை காத்திருந்து, நாளொன்றுக்கு 3 சேவல்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். உரிமம் பெற்ற வேட்டைப் பண்ணைகளுக்கோ செப்டம்பர் முதல் மார்ச் வரை பருவம். இவற்றுக்கான பறவைகளைக் குஞ்சிலிருந்தே நெருக்கி வளர்ப்பதால் ஒன்றையொன்று கொத்திக் குதறும் என்று, எதிரே இருப்பது தெரியாதபடி மூக்குத் துவாரத்தில் பிளாஸ்டிக் மறைப்பை மாட்டுகிறார்கள். சில இடங்களில் வேட்டைக்குச் சற்று முன்பாகப் பறவையின் தலையை இறக்கைக்குள் மடக்கி, கையிலேயே சுழற்றி, மயங்கிய நிலையில் புல்லுக்குள் வைத்துவிடுவதும் உண்டு. நாய் மோப்பம் பிடித்து நிற்க, பணம் கட்டியவர் நெருங்கியதும் பறவை திடுக்கிட்டு எழுகிறது. இதை வேட்டை என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை.

காடை வறுவல் செட்டிநாட்டு விருந்தில் உண்டு. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. உணவுக்காக விரைவாக அறுப்பதும், கேளிக்கைக்காகச் சிறகில் குண்டு பாய்ந்து புதரில் துடிக்க விடுவதும் ஒன்றாகா. உங்கள் பண்ணையை இறைச்சிப் பண்ணையாகவே நடத்துங்கள்.

கேள்வி: வளர்த்த பறவைகளைச் சுட்டால் காட்டுப் பறவைகள் பிழைக்கும் என்ற வாதம் சரியா? (வாசகி, தேவகோட்டை)

பதில்: ஓரளவுக்கு அதில் நியாயம் உண்டு. வேட்டையில் வருமானம் வருவதால் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பல நில உரிமையாளர்கள் புல்வெளியையும் வேலிப் புதரையும் அழிக்காமல் வைத்திருக்கிறார்கள், அவற்றில் வேறு பறவைகளும் கூடு கட்டுகின்றன. ஆனால் கூண்டில் வளர்ந்த பறவைக்கு நரியையும் பருந்தையும் கண்டு ஒளியத் தெரியாததால், குண்டுக்குத் தப்பியவற்றில் பெரும்பாலானவை நெடுநாள் பிழைப்பதில்லை. நெருக்கடியான வளர்ப்பில் தொற்றும் நோய்கள் காட்டுப் பறவைகளுக்கும் பரவக்கூடும். சிதறிய ஈயக் குண்டுகளைக் கல் என்று எண்ணி விழுங்கும் பறவைகள் நஞ்சேறிச் சாகின்றன.

நம் பக்கத்துக் கௌதாரிக்கு இந்த வாதம் பொருந்தவே பொருந்தாது. பழக்கிய கௌதாரியைக் கூண்டில் வைத்துக் கூவவிட்டுக் கண்ணியில் பிடிப்பதாலும், இலந்தையும் சூரையும் மண்டிய வரப்போரப் புதர்களைப் பொக்லைன் வைத்து வழித்தெடுப்பதாலும்தான் அதற்கு ஆபத்து வருகிறது. கண்ணி வைப்பதும் சட்டப்படி வேட்டையே. திருப்பத்தூர் அருகே வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்கள் 1977-இல் சரணாலயமாயின. வலசை வந்து தங்கும் நாரைகளும் கொக்குகளும் மிரளக் கூடாது என்று அக்கம்பக்கத்து ஊரார் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. காரைக்குடி வாசகரும் தம் விருந்தினர்களை மழைக்காலத்துக்குப் பின் அங்கே அழைத்துச் செல்லலாம். தம் மானாவாரி நிலத்து வேலிப் புதரைக் கோடையில் தீ வைக்காமல் விட்டுவைத்தால், விடியற்காலையில் கௌதாரி கூவுவதைத் தம் நிலத்திலேயே கேட்கச் செய்யலாம்.