தினசரி வேலைக்கு எந்த டெர்மினல் கட்டளைகள் தெரிந்தால் போதும்?

உபுண்டுவுக்கு மாறி ஒரு மாதம் ஆகிறது, எங்கே பார்த்தாலும் 100 கட்டளை, 200 கட்டளை என்று பட்டியல் போடுகிறார்கள், எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். நான் பல வருடமாக லினக்ஸில்தான் வேலை செய்கிறேன், ஒரு நாளில் தட்டுகிற கட்டளைகள் பதினைந்தைத் தாண்டாது. அதிலும் பாதிக்கு மேல் எதையும் மாற்றாமல், இருப்பதைப் பார்த்துச் சொல்கிற கட்டளைகள். முதலில் அவைதான் கையில் படிய வேண்டும். அழிப்பது, நகர்த்துவது எல்லாம் அப்புறம்.

ஒரு விஷயம், கட்டளைகளை இங்கே வாயால் சொல்கிறபடி எழுதுகிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள். லினக்ஸுக்குப் பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு.

பிடபிள்யூடி என்றால் இப்போது எந்த ஃபோல்டரில் இருக்கிறோம் என்று காட்டும். எல்எஸ் அங்கே என்ன இருக்கிறது என்று காட்டும், எல்எஸ் -எல்ஏ என்றால் மறைந்திருக்கும் ஃபைல்களையும் அளவு, தேதி, உரிமையாளர் பெயரோடு காட்டும். சிடி இடம் மாற. வெறும் சிடி தட்டினால் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குப் போய்விடும், சிடி போட்டு இடம்விட்டு ஒரு - தட்டினால் இதற்கு முன்பு இருந்த இடத்துக்கே திரும்பும் (இதைப் பலர் வருடக்கணக்கில் தெரியாமலே இருக்கிறார்கள்). பெயர்கள் ஏன் இப்படி இரண்டு எழுத்தாகக் குறுகிக் கிடக்கின்றன என்றால், 1969இல் பெல் லேப்ஸில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் லினக்ஸுக்கு முன்மாதிரியான யூனிக்ஸைத் தொடங்கிய காலத்தில் திரை கிடையாது, காகிதத்தில் அச்சடிக்கும் டெலிடைப். நொடிக்கு 10 எழுத்துதான் அடிக்கும். அதில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள் ஒரு எழுத்தைக்கூட வீணாக்க மாட்டார்கள்.

இப்போது ஆர்எம். ஃபைலை அழிக்கும் கட்டளை. டெர்மினலில் அழித்தால் குப்பைத்தொட்டிக்குப் போகாது, போனது போனதுதான். 'பழைய' என்று பெயர் தொடங்கும் ஃபோல்டர்களை மட்டும் அழிக்க நினைத்து ஆர்எம் -ஆர் பழைய* என்று தட்ட வேண்டிய இடத்தில், * குறிக்கு முன்னால் ஒரு இடைவெளி விழுந்துவிட்டது எனக்கு. அந்த ஒரு இடைவெளியால் அர்த்தமே மாறிவிடும், 'பழைய' என்பதையும் அழி, இந்த ஃபோல்டரில் இருக்கும் மற்ற எல்லாவற்றையும் அழி என்று ஷெல் (நாம் தட்டுவதைப் படித்து இயக்கும் புரோகிராம்) எடுத்துக்கொள்ளும். அக்கா கல்யாணத்தில் நான் எடுத்த படங்கள் அத்தனையும் அதில் இருந்தன. உறவினர்களுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருந்த சில படங்கள்தான் திரும்பக் கிடைத்தன, அதுவும் அளவு சுருங்கி. அன்றைக்குப் பிடித்த பழக்கம் இது: * போட்டு எதை அழிப்பதாக இருந்தாலும் முதலில் அதையே எல்எஸ் -டி போட்டுப் பார்ப்பேன். வருகிற பட்டியல் சரி என்றால் மேல் அம்புக்குறியை அழுத்தி, அதே வரியில் எல்எஸ் -டி இருக்கும் இடத்தில் மட்டும் ஆர்எம் -ஆர் என்று மாற்றுவேன். தயவுசெய்து முதல் நாளிலிருந்தே இப்படிச் செய்யுங்கள்.

அடுத்து டிஸ்க் நிறைவது. எல்லோருக்கும் ஒரு நாள் வரும். டிஎஃப் -ஹெச் போட்டால் எந்தப் பகுதி எத்தனை சதவீதம் நிறைந்திருக்கிறது என்று தெரியும். எது அடைக்கிறது என்று பார்க்க டியூ -எஸ்ஹெச் * | சார்ட் -ஹெச். நடுவில் இருக்கும் நிற்கும் கோடுதான் பைப், இடப்பக்கக் கட்டளையின் வெளியீட்டை வலப்பக்கக் கட்டளைக்குக் கொடுக்கிறது. அதே பெல் லேப்ஸில் இருந்த டக் மெக்கில்ராய் விடாமல் கேட்டுக்கொண்டிருந்த யோசனை, 1973இல் தாம்ப்சன் அதை யூனிக்ஸில் சேர்த்தார். இங்கே சார்ட் அளவு வாரியாக அடுக்கும், பெரியது கடைசி வரியில் வரும்.

வேலை செய்யும் இடத்தில் ஒரு சர்வரில் இப்படித்தான் ஒரு லாக் ஃபைல் (புரோகிராம் நடப்பதை எழுதி வைக்கும் பதிவு) வீங்கிக் கிடந்ததைக் கண்டுபிடித்து அழித்தேன், ஆனால் டிஎஃப் இன்னும் 100 சதவீதம் என்றே காட்டியது, டியூவோ அப்படி எதுவும் இல்லை என்றது. ரொம்ப நேரம் குழம்பினேன். லினக்ஸில் ஃபைலின் பெயர் வேறு, டிஸ்க்கில் இருக்கும் உள்ளடக்கம் வேறு. ஆர்எம் எடுத்தது பெயரை மட்டும். ஒரு புரோகிராம் அந்த ஃபைலைத் திறந்து வைத்து எழுதிக்கொண்டிருக்கும்வரை இடம் விடுபடாது. அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ததும்தான் இடம் திரும்பியது. எல்எஸ்ஓஎஃப் என்ற கட்டளை யார் எந்த ஃபைலைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்லும்.

கிரெப் இல்லாமல் எனக்கு ஒரு நாளும் ஓடாது. கிரெப் -ஆர் போட்டு ஒரு சொல்லும் ஃபோல்டர் பெயரும் கொடுத்தால், உள்ளே எத்தனை ஃபைல் இருந்தாலும் அந்தச் சொல் வரும் வரிகளை எடுத்துத் தரும். தமிழ்ச் சொல்லையும் அப்படியே தேடும். ஆனால் எழுத்து எண்ணும்போது கவனம்: டபிள்யூசி -எம் என்ற கட்டளையிடம் 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்தால் 3 என்று சொல்லாது, 5 என்று சொல்லும், ஏனென்றால் யூனிகோடில் மி-யின் மேல்விலங்கும் ழ்-இன் புள்ளியும் தனித்தனிக் குறிகள். டபிள்யூசி -சி போட்டால் 15, ஒவ்வொரு குறியும் 3 பைட். (வரி முடிவு இருந்தால் இரண்டிலும் ஒன்று கூடும்.) சொற்களை எண்ண டபிள்யூசி -டபிள்யூ, அதில் குழப்பம் இல்லை.

பெரிய ஃபைலைப் படிக்க லெஸ். உள்ளே / அழுத்தித் தேடலாம், கியூ அழுத்தினால் வெளியே வரலாம். லாக் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்க டெயில் -எஃப், நிறுத்த கன்ட்ரோல் சி.

மனப்பாடம் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணமே இரண்டு விஷயங்கள்தான். மேன் என்று தட்டி ஒரு கட்டளையின் பெயரைக் கொடுத்தால் பெரும்பாலும் அதன் கையேடு திறக்கும், லெஸ்ஸில் தேடுவது போலவே அதிலும் தேடலாம். இன்னொன்று கன்ட்ரோல் ஆர். முன்பு எப்போதோ தட்டிய நீளமான வரியில் ஞாபகம் இருக்கும் ஒரு துண்டைக் கொடுத்தால் முழு வரியையும் கொண்டுவந்து நிறுத்தும். எனக்கு டியூ வரி முழுதாக இன்றைக்கும் மனப்பாடம் இல்லை, கன்ட்ரோல் ஆர் அழுத்தி 'சார்ட்' என்று தட்டுகிறேன், வந்துவிடுகிறது. ஃபைல் பெயர்களை முழுதாகத் தட்டவும் வேண்டாம், இரண்டு எழுத்து அடித்து டேப் அழுத்துங்கள்.

ஒரு கட்டளையை நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டும் சூடோவைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். 'பெர்மிஷன் டினைட்' என்று வந்தவுடன் முன்னால் சூடோ சேர்த்துத் தட்டாதீர்கள். எல்எஸ் -எல் போட்டு அந்த ஃபைல் யாருடையது என்று பாருங்கள், பெரும்பாலும் நீங்கள் நிற்கும் இடமே தப்பாக இருக்கும்.

வீட்டில் விண்டோஸும் இருக்கிறது, அதில் பழகலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் பழகலாம். விண்டோஸ் 11இல் டபிள்யூஎஸ்எல் போட்டால் உபுண்டுவே உள்ளே கிடைக்கும், மேலே சொன்னவை அப்படியே ஓடும். சி டிரைவ் மட்டும் அதில் /எம்என்டி/சி என்ற இடத்தில் தெரியும், அங்கே ஆர்எம் போட்டால் உண்மையான விண்டோஸ் ஃபைல்தான் அழியும்.