பழைய கடல்மீன் தொட்டியில் பவளம் சேர்க்கலாமா?

கேள்வி: சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் 300 லிட்டர் உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். கோமாளி மீன் ஜோடி, மஞ்சள் டாங், ஒரு பட்டர்ஃபிளை மீன் இரண்டு வருடமாக நன்றாக இருக்கின்றன. போன வருடம் மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தபோது தொட்டியிலேயே தாமிர மருந்து விட்டேன். இனி பவளமும் வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், ஆனால் இப்போதே வேண்டாம். நீங்கள் போகிறபோக்கில் சொன்ன அந்தத் தாமிரம்தான் முதல் சிக்கல். மீன் தாங்கும் அளவே பவளத்தையும் இறாலையும் கொன்றுவிடும். தண்ணீரை மாற்றிவிட்டோம் என்று இருந்துவிடாதீர்கள். கல்லும் மணலும் தாமிரத்தைப் பிடித்துவைத்து, மெல்ல மெல்லக் கசியவிடும். அதனால் அன்று தொட்டியில் இருந்த கல், மணல் இரண்டையும் மாற்றிவிடுவதே நல்லது. தண்ணீரைச் சுத்தமாக்கும் பாக்டீரியாவும் கல்லோடு போகும் என்பதால் ஒரேயடியாக இல்லாமல் சில வாரங்களில் பகுதி பகுதியாகச் செய்யுங்கள். தாமிரம் உறிஞ்சும் ரெசினையும் ஓடவிடுங்கள். சோதனையில் தாமிரம் பூச்சியம் காட்டிய பிறகு, ஒரு நத்தையை விட்டுப் பாருங்கள். அது கண்ணாடியில் ஏறிப் பாசியை மேய்ந்துகொண்டு சில வாரம் கடந்தால் தைரியமாக அடுத்த வேலைக்குப் போகலாம்.

அடுத்தது சூடு. நம்மூரில் விளக்கும் பம்பும் சேர்ந்து தண்ணீரைச் சுலபமாக 30 டிகிரிக்குக் கொண்டுபோகும். மீன் சமாளிக்கும், பவளமோ தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். 2016-இல் சிங்கப்பூர்க் கடலிலேயே அப்படி வெளுத்தது. 25, 26 டிகிரியில் நிறுத்த, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி வாங்குங்கள். அதை மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள், சூடான காற்று வெளியேறாது. மின்விசிறி மட்டும் போதாது, நம்மூர் ஈரக்காற்றில் ஓரளவுதான் குளிரும்.

ஆவியாகும் நீருக்கு உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரையே ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் இருப்பது குளோரமின் என்ற கிருமிநாசினி. ஒரு ராத்திரி வாளியில் வைத்தால் போகாது. மீன் கழிவால் தண்ணீரில் சேரும் நைட்ரேட் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) பக்கம் இறங்கட்டும்.

டாங், கோமாளி இருக்கட்டும். பட்டர்ஃபிளை இனங்கள் பல பவளத்தைக் கொத்தித் தின்னும், அதற்கு வேறு வீடு பாருங்கள்.

முதலில் காளான் பவளம், தோல் பவளம் போன்ற மென்பவளங்கள். கடையில் வாங்கியதும் பவளத்துக்கான மருந்து நீரில் முக்கி, தட்டைப்புழு இருக்கிறதா பார்த்து, விளக்கைக் குறைத்து வைத்து ஓரிரு வாரத்தில் கூட்டுங்கள். ஜோவாந்தஸ் என்ற பவள வகையை வாங்கினால் கையுறை கட்டாயம். சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு, அந்தப் பவளம் ஒட்டிய கல்லைக் கொதிக்க வைக்கவே கூடாது. கல்பவளம், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உலக ஒப்பந்தப் பட்டியலில் உள்ளது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவர தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும், பையில் போட்டு எடுத்துவந்துவிடாதீர்கள்.