முதல் பீடத்துக்கு என்னென்ன வேண்டும்?

கேள்வி: இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் வேலை பார்க்கிறேன். நாலு பேர் இருக்கும் வீட்டில் ஓர் அறை எனக்கு. தேவி, தேவன் இருவரையும் வழிபடும் நவீன மாந்திரீகச் சமயமான விக்கா நெறியைப் பற்றிப் படித்து வருகிறேன். அக்டோபர் 31, மறைந்தவர்களை நினைக்கும் சௌவின் பண்டிகைக்குள் சிறிதாக ஒரு பீடம் அமைக்க ஆசை. கத்தி, கோல், கிண்ணம், தூபக்கால் எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியாகக் கடையில் விற்கிறார்கள். வாங்கிவிடலாமா? அறையில் புகை அலாரம் உண்டு. அம்மா கொடுத்தனுப்பிய குத்துவிளக்கையும் பீடத்தில் வைக்கலாமா?
– வாசகி, லீட்ஸ்

பதில்: பெட்டியை வாங்காதீர்கள். ஜெரால்டு கார்ட்னர் 1950-களில் வெளியுலகுக்குக் கொண்டுவந்த விக்கா மரபில் கருவிகள் எட்டு: வாள், அதாமே எனும் கறுப்புப்பிடிக் கத்தி, வெள்ளைப்பிடிக் கத்தி, கோல், பென்டக்கிள் எனும் ஐந்துமுனை நட்சத்திரம் வரைந்த வட்டத் தட்டு, தூபக்கால், சாட்டை, கயிறு. தீட்சை பெற்றுக் குழுவாகக் கூடுபவர்களுக்கான பட்டியல் அது. தனியாகத் தொடங்கும் உங்களுக்குப் பீடம் ஒரு வேலை மேசை. செய்யப்போகும் சடங்குக்கு வேண்டியது மட்டும் அதன்மேல் இருந்தால் போதும்.

அலமாரியின் மேல்தட்டில் 60 செ.மீ. அகலமும் 45 செ.மீ. ஆழமும் கிடைத்தால் தாராளம். வடக்குப் பார்த்து நிற்கும்படி அமையுங்கள். கிழக்குப் பார்ப்பவர்களும் உண்டு, அதுவும் முறைதான். வடக்குப் பார்த்தால் உங்களுக்கு எதிரே மண்ணுக்கு உப்பு, வலப்பக்கம் காற்றுக்குத் தூபம், முன்னால் நெருப்புக்கு மெழுகுவத்தி, இடப்பக்கம் நீர். நடுவில் பென்டக்கிள். பின்வரிசையில் இடது மூலையில் தேவிக்கு ஒரு மெழுகுவத்தி, வலது மூலையில் தேவனுக்கு ஒன்று.

புதியவர்கள் கையைச் சுட்டுக்கொள்வது இந்த வரிசையில்தான். தெற்கு மெழுகுவத்தி நமக்கு நேர் முன்னால் எரியும். உப்பை எடுக்கக் கை நீட்டினால் சட்டைக் கையோ துப்பட்டாவோ சுடரின் மேலேயே போகும். அதைத் தென்கிழக்கு மூலைக்கு நகர்த்திவிடுங்கள், சடங்குக்குக் குறையொன்றும் வராது. மெழுகுவத்திகளுக்கு இடையே 10 செ.மீ., திரைச்சீலையிலிருந்து 30 செ.மீ. இடைவெளி வேண்டும். டீலைட் மெழுகுவத்தியின் அலுமினியக் கிண்ணம் மேசையைப் பொசுக்கிவிடும் அளவுக்குச் சூடேறும். அடியில் பீங்கான் தட்டு வையுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் நெருப்புக்குத் தடை இருந்தால் பேட்டரி மெழுகுவத்தி போதும்.

பென்டக்கிளை நீங்களே செய்துகொள்ளலாம். 14 செ.மீ. வட்ட மரப்பலகையில் 6 செ.மீ. ஆரத்தில் வட்டம் போடுங்கள். காம்பஸை 7 செ.மீ.க்கு விரித்து, உச்சியில் தொடங்கி வட்டத்தின் மேல் வரிசையாக ஐந்து புள்ளி வையுங்கள். ஒன்றுவிட்டு ஒரு புள்ளியை ஸ்கேலால் இணைத்தால் நட்சத்திரம் வந்துவிடும். பென்சிலில் சரிபார்த்த பிறகே சூட்டுக்கோலோ பெயின்டோ தொடுங்கள்.

கிண்ணம் கண்ணாடியாகவோ பீங்கானாகவோ இருக்கட்டும். ஈயம் பூசாத செம்பு, பித்தளைக் கிண்ணத்தில் ஒயினோ ஆப்பிள் ஜூஸோ ஊற்றினால் புளிப்பில் செம்பு கரைந்து குமட்டும். உப்பும் உலோகத்தை அரிக்கும். சடங்கு முடிந்த உப்புநீரைப் பூந்தொட்டியில் ஊற்றாதீர்கள், செடி பட்டுப்போகும், சிங்க்கில் ஊற்றுங்கள்.

இனி தூபம். உங்கள் அறைக்கு ஊதுவத்திதான் சரி, 7 செ.மீ. துண்டாக ஒடித்துக்கொண்டால் ஒரு சிறு சடங்குக்குப் போதும். சன்னலைக் கொஞ்சம் திறந்துவையுங்கள். அலாரத்தை மட்டும் எந்த நிலையிலும் மூடிக் கட்டாதீர்கள், உடன் இருக்கும் மூன்று பேரின் உயிரும் அதில் இருக்கிறது.

என்றாவது சொந்த வீட்டில் குந்திரிக்கமோ சாம்பிராணியோ போட நினைத்தால், தூபத்துக்கென்றே விற்கும் கரிவில்லையை வாங்குங்கள். பார்பெக்யூ கரியை அறைக்குள் எரிக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். கனமான கிண்ணத்தில் 3 செ.மீ. மணல் நிரப்புங்கள், மணல் இல்லாவிட்டால் சூடு நேரே இறங்கி மரத்தைக் கருக்கும். வில்லையை இடுக்கியால் பிடித்து ஓரத்தில் பற்றவையுங்கள். அதில் வெடியுப்பு கலந்திருப்பதால் பொறி சடசடவென்று ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடும். உடனே பிசினைப் போட்டால் கருகிய நாற்றம்தான் வரும். மேலே சாம்பல் பூத்த பிறகு, பட்டாணி அளவு மட்டும் வையுங்கள். புகை நின்ற பிறகும் வில்லை நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். நீரில் முக்கி அணைக்காமல் குப்பைக்கூடைக்குப் போகக்கூடாது.

அதாமேவுக்கு அவசரமில்லை. ஆற்றலுக்குத் திசை காட்டி, சடங்கு நடக்கும் இடத்தைச் சுற்றி வட்டம் வரையத்தான் அது. எதையும் வெட்டாது என்பதால் முனை மழுங்கியதே நல்லது. அதுவரை ஆள்காட்டி விரலோ கோலோ அந்த வேலையைச் செய்யும். ஒன்றை மறக்கக் கூடாது: இங்கிலாந்தில் தக்க காரணமின்றிக் கத்தியைப் பொது இடத்தில் எடுத்துப்போவது 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், மழுங்கிய கத்திக்கும் விலக்கில்லை. சமயக் காரணம் சொல்லி வாதாடச் சட்டத்தில் இடம் உண்டு என்றாலும், பூங்காவில் செய்யும் சடங்குக்குக் கோலையே கொண்டுபோங்கள்.

கோலுக்கு உங்கள் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை நீளம், விரல் பருமன். ஹேசல், வில்லோ மரங்களில் தானே விழுந்த கிளையைத் தேடுங்கள். யூ மரம் நச்சு, வேண்டாம். பச்சைக் கிளையென்றால் இரு முனையிலும் மெழுகு பூசி, வெயில் படாமல் சில மாதம் காயவிடுங்கள். அவசரப்பட்டுப் பட்டை உரித்தால் வெடித்துவிடும்.

புதுக் கருவியை உப்புநீர் தெளித்து, தூபத்தில் காட்டி, சுடருக்கு மேலாக ஒருமுறை நகர்த்தி, பென்டக்கிள் மேல் வைத்துத் தூய்மை செய்வது வழக்கம். எஃகுக் கத்தியை உடனே துடைத்து எண்ணெய் பூசுங்கள், இல்லாவிட்டால் துரு ஏறும். செலனைட் எனும் ஜிப்சம் படிகக் கல் நீரில் சிறிது கரையும். அதற்குப் புகை மட்டும்.

குத்துவிளக்கு விஷயத்துக்கு வருகிறேன். விக்காவில் அதற்குத் தடை கிடையாது. ஆனால் சடங்குக் கருவியைத் தூய்மை செய்த பிறகு வேறு எதற்கும் பயன்படுத்துவதில்லை என்பதைப் பலரும் கடைப்பிடிக்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் அதே விளக்கை அம்மாவின் முறைப்படி ஏற்றும் பழக்கம் இருந்தால், அதை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, பீடத்துக்கு ஓர் அகல் வைத்துக்கொள்ளுங்கள். சௌவினுக்கு அகல், உப்பு, நீர், அரை ஊதுவத்தி, நீங்கள் செய்த பென்டக்கிள், மறைந்த உறவினர் ஒருவரின் படம் இருந்தால் போதும். கோலையும் கத்தியையும் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.