மலை தெரியும் இடம்

அன்புள்ள தம்பிக்கு,

சுவிஸில் இருக்கும் மகன் யுங்ஃபிராவ் மலைக்கு ரயிலில் போய் எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். வெள்ளையாக ஒரு மேடு தெரிகிறது, அவ்வளவுதான். அதே மலையைப் பார்த்துப் பேச்சற்று நின்றதாகப் போன மாதம் எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவன் நான். மலையே இல்லாத ஊரில் பிறந்ததால் வந்த குறையா? வருகிற ஆனியில் மகன் என்னையும் கூப்பிடுகிறான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைநகர்

அன்புள்ள மாஸ்டர்,

குறை உங்களில் இல்லை, படத்தில்தான். மகன் படம் எடுத்தது யுங்ஃபிராவ்யோக் நிலையத்தில் என்று நினைக்கிறேன். பக்கத்து ஐகர் மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியே மேலே கொண்டுபோகிற ரயில், 1912இல் அங்கே போய்ச் சேர்ந்தது. உயரம் 3,454 மீட்டர், ஐரோப்பாவிலேயே உயரமான ரயில் நிலையம். ஆனால் அங்கே ஏறி நின்றால் மலையின் பெரும்பகுதி காலுக்குக் கீழே போய்விடும். மிஞ்சுகிற 700 மீட்டரைத்தான் நீங்கள் மேடு என்கிறீர்கள்.

அதோடு, பனிக்குள் கண்ணுக்கு அளவு பிடிபடாது. நம் ஊரில் வெளியில் ஒரு பனை நின்றால் போதும், எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடுவோம். அங்கே மரமில்லை, வீடில்லை. கையளவு கல்லும் கோயிலளவு பாறையும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

எனக்கும் முதலில் அப்படித்தான். அக்கா குடும்பத்தோடு, அந்த ரயில் புறப்படுகிற கிளைனே ஷைடெக் நிலையத்தில் இறங்கினேன். எதிரே யுங்ஃபிராவ், 4,158 மீட்டர். அழகுதான், சரி, கலண்டர் படம் போல. பிளாஸ்க்கில் இருந்த தேத்தண்ணியை ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தோம். மேலே ஒரு பனிவிளிம்பு உடைந்தது. அரிதட்டிலிருந்து மா விழுமே, அப்படி ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு பாறையில் இறங்கியது. சத்தமே இல்லை. அக்கா வாய்க்குள் எண்ணத் தொடங்கினார். நானும் எண்ணினேன். ஷெல்லடிக் காலத்தில் ஷெல் புறப்படும் குத்துச் சத்தம் கேட்டதும், அது வந்து விழும்வரை பங்கருக்குள் குந்தியிருந்து எண்ணியவர்கள் நாங்கள், அது தானாக வந்துவிட்டது. பதின்மூன்று எண்ணியபோது இடிபோல் வந்து நெஞ்சில் மோதியது.

ஒலிக்குக் கிலோமீட்டருக்கு மூன்று விநாடி ஆகும், உங்களுக்குத் தெரியாததல்ல. நாலு கிலோமீட்டருக்கு அப்பால் விழுந்த பனி அது. நான் மா என்று பார்த்துக்கொண்டிருந்தது அவ்வளவும் பனிப்பாறைகள். அந்த நொடியில்தான் மலை எனக்குத் தெரிந்தது. நாங்கள் இருந்த இடத்துக்கு மேல் அது இன்னும் 2,100 மீட்டர் நின்றது. நூறடிப் பனைகளை ஒன்றின்மேல் ஒன்றாக எழுபது நிறுத்தினால்தான் அந்த உச்சி எட்டும்.

அக்கா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அழுதார். "எண்ணி முடியவும் ஒண்டும் நடக்கேல்லையடா" என்றார். பிறகு வெகுநேரம் நாங்கள் பேசவில்லை.

பொழுது சாய்ந்து பள்ளத்தாக்கு இருண்ட பிறகும் உச்சியில் மட்டும் வெயில் நின்றது. சாய்வெயில் நெடுந்தூரம் காற்றைக் கடந்து வருவதால் அதில் நீலம் சிதறிச் செம்மை மிஞ்சுகிறது, பனி அதை அப்படியே திருப்பிக் காட்டுகிறது. சங்கப் பாட்டில் 'பொற்கோட்டு இமயம்' என்று வருவதைப் புலவரின் அலங்காரம் என்றே எண்ணியிருந்தேன். இல்லை மாஸ்டர், அது பார்த்தபடி சொன்ன சொல்.

கட்டாயம் போங்கள். பிரஷர் இருந்தால் டொக்டரிடம் கேட்டுவிட்டே மேலே ஏறுங்கள், காற்று மெலிந்த இடம். அந்த ரயிலை இரண்டாம் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். முதல் நாள் மத்தியானம், வெயில் பனியை இளக்கியபின், கிளைனே ஷைடெக்கில் மலையைப் பார்த்தபடி இருங்கள். மகனிடம் போனைப் பையில் வைக்கச் சொல்லுங்கள். வெள்ளைக் கோடு இறங்கினால் எண்ணத் தொடங்குங்கள். எத்தனையில் கேட்டது என்று எனக்கு எழுதுங்கள்.