அனிமேயில் தியாக அன்பு: கேள்வி பதில்

ஞாயிறு பள்ளியில் கற்பிப்பவனாகவும் நெடுங்காலமாக அனிமே என்னும் ஜப்பானிய அசைபடங்களைப் பார்ப்பவனாகவும் நான் கண்டவற்றை வைத்தே பதில் எழுதுகிறேன். கதைகளின் முடிவுகளை மறைக்காமல் பேச வேண்டியிருக்கிறது. இன்னும் பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: இவாஞ்செலியனில் எங்கு பார்த்தாலும் சிலுவை வருகிறது. அதிலிருந்து தொடங்கலாமா ஐயா?

வேண்டாம். 1995இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய அந்தத் தொடரின் உதவி இயக்குநர் சுருமாகி கசுயா, மற்ற ராட்சத ரோபோ தொடர்களிலிருந்து தங்களுடையதை வேறுபடுத்திக் காட்டவும், பார்வைக்குப் புதுமையாக இருக்கவுமே கிறிஸ்தவச் சின்னங்களைப் பயன்படுத்தியதாகப் பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். ஜப்பானிய மக்களில் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ ஒரு விழுக்காட்டினர் மட்டுமே என்பதால், அங்கே பலருக்குச் சிலுவை அயல்நாட்டு அலங்காரமாகவே தெரிகிறது. ஆகவே சிலுவையின் வடிவத்தைத் தேடாதீர்கள். யார், யாருக்காக, எதை, மனமுவந்து கொடுத்தார் என்று தேடுங்கள்.

கேள்வி: அப்படியானால் எதைப் பார்க்கச் சொல்வீர்கள்?

1998ஆம் ஆண்டின் 'டிரைகன்' தொடரை. இருபத்தாறு பகுதிகள் கொண்ட அதன் நாயகன் வாஷ், துப்பாக்கி வீரனாக இருந்தும் எவரையும் கொல்வதில்லை என்று உறுதி பூண்டவன். அந்த உறுதிக்கு அவன் கொடுத்த விலை, மேலங்கியைக் கழற்றும்போதுதான் நமக்குத் தெரிகிறது, உடம்பெங்கும் தழும்புகள். தன்னைச் சுட வந்தவர்களையும் காப்பாற்றியதால் வந்தவை பல. அவனோடு பயணிக்கும் வுல்ஃப்வுட் என்னும் குருவானவர் தோளில் சுமக்கும் பெரிய சிலுவைக்குள் இருப்பது ஆயுதம். முதலில் நான் எச்சரித்த அலங்காரம் போலத்தான் அதுவும் தோன்றும். ஆனால் 23ஆம் பகுதியில், தன் எதிரியைக் கொல்லாமல் விடுவதென்று முதன்முறையாக வாஷின் வழியைத் தேர்ந்துகொண்டு, அதன் விளைவாகவே குண்டடிபட்டு, ஓர் ஆலயத்தில் தன் பாவங்களை அறிக்கையிட்டபடி அவர் உயிர்விடும்போது, அதுவரை ஆயுதமாக இருந்த சிலுவை உண்மையாகவே சிலுவையாகிறது.

அடுத்த பகுதியிலேயே வாஷ் தன் தோழியரைக் காப்பாற்றுவதற்காக ஒருவனைக் கொன்றுவிட்டு நொறுங்கிப்போகிறான். எனவே அவனைக் கிறிஸ்துவின் பிரதி என்று எழுதாதீர்கள். சிலுவையின் வழியில் நடக்க முயன்று விழுந்து எழும் சீடன் என்றால் ஒத்துக்கொள்வேன்.

கேள்வி: 'கோட் கியாஸ்' தொடரின் நாயகன் லெலூஷ் உலகத்தின் வெறுப்பையெல்லாம் தன்மேல் ஏற்றுக்கொண்டு சாகிறானே, அவன் கிறிஸ்து உருவம்தானே?

பிறருக்காக வெறுப்பைச் சுமப்பது வரை ஒப்புமை உண்டு. ஆனால் அவன் சுமந்ததில் பெரும்பகுதி அவனே செய்த பாவம். குற்றமற்றவர் குற்றவாளிக்காக நிற்பது வேறு. குற்றவாளி தன் கடனைத் தீர்த்துக்கொள்வது வேறு.

கேள்வி: 'நருட்டோ' தொடரில் வரும் இடாச்சி?

லெலூஷுக்குச் சொன்ன பதிலையே இதற்கும் படிக்கவும்.

கேள்வி: 'அட்டாக் ஆன் டைட்டன்' தொடரின் எரென்?

இல்லை. ஒருவர் கதையின் இறுதியில் சாவதாலேயே அது தியாகமாகிவிடாது. தயவுசெய்து பெயர்ப் பட்டியலாக அனுப்பாதீர்கள். யாருக்காக, எதைக் கொடுத்தார் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் பேச முடியும்.

கேள்வி: உங்களுக்கு மிகவும் பிடித்த படைப்பு எது அண்ணா?

சுகீ கிசபுரோ இயக்கி 1985இல் வந்த 'பால்வீதி ரயிலில் ஓர் இரவு' என்னும் திரைப்படம். மியாசாவா கென்ஜி எழுதி, 1933இல் அவர் மறைந்த பின் வெளியான கதை அது. ஜியோவான்னி என்னும் ஏழைச் சிறுவன், நண்பன் கம்பனெல்லாவுடன் விண்மீன்களுக்கிடையே ரயிலில் செல்கிறான். ஆற்றில் விழுந்த சனெல்லி என்ற மாணவனைக் காப்பாற்றிவிட்டுக் கம்பனெல்லா மூழ்கிவிட்டான் என்பதை அவன் இறுதியில்தான் அறிகிறான். ஜியோவான்னியை ஓயாமல் கேலி செய்தவன் அந்தச் சனெல்லி. "ஒருவன் தன் சிநேகிதருக்காகத் தன் ஜீவனைக் கொடுக்கிற அன்பிலும் அதிகமான அன்பு ஒருவரிடத்திலும் இல்லை" என்ற யோவான் 15:13ஐத்தான் எல்லோரும் இங்கே மேற்கோள் காட்டுவார்கள். எனக்கோ, நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்தார் என்னும் ரோமர் 5:8 இன்னும் நெருக்கமாகப் படுகிறது. காப்பாற்றப்பட்டவன் அதற்குத் தகுதியானவனா என்று கம்பனெல்லா கேட்கவில்லை.

கேள்வி: மியாசாவா தாமரைச் சூத்திரத்தை உயிராக மதித்த பௌத்தர். பிற உயிர்களுக்காகத் தன்னையே கொடுக்கும் போதிசத்துவத் தியாகத்தைக் கிறிஸ்தவமாக்குவது அபகரிப்பு இல்லையா?

நேர்மையான கேள்வி. அவர் பௌத்தர் என்பதில் ஐயமில்லை, அதை மறைத்துப் பேசுவது தவறு. ஆயினும் கிறிஸ்தவத்தை அந்தக் கதைக்குள் கொண்டுவந்தவன் நான் அல்லன், மியாசாவாவே. பனிப்பாறையில் மோதிய கப்பலிலிருந்து ஓர் இளைஞனும் இரண்டு பிள்ளைகளும் அந்த ரயிலில் ஏறுகிறார்கள். முன்னால் நின்ற சிறு குழந்தைகளைத் தள்ளிவிட்டுப் படகில் இடம் பிடிக்க மனம் வராததால் மூழ்கியவர்கள் அவர்கள். தென்சிலுவை விண்மீன்கூட்டத்தில் இறங்கிப் போகிறார்கள்.

கேள்வி: ஆனால் கதையின் உயிர்நாடியான தேள் கதை முழுக்க பௌத்தம் அல்லவா?

மரநாயிடமிருந்து தப்பி ஓடிக் கிணற்றில் விழுந்த தேள், வீணாகச் சாவதைவிடத் தன் உடல் எல்லோருடைய மகிழ்ச்சிக்கும் பயன்படட்டும் என்று வேண்டிச் சிவந்த நெருப்பாக எரிகிறது. புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளின் சாயல் அதில் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கதையை மியாசாவா யாருடைய வாயில் வைத்தார் என்று பாருங்கள்: கப்பலில் இறந்த அந்தக் கிறிஸ்தவச் சிறுமியின் வாயில். மூலக் கதையில் அவளும் ஜியோவான்னியும், உன் கடவுள் பொய்க்கடவுள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சண்டையிடுகிறார்கள். எது மெய் என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்லவில்லை. பிரியும் நேரத்தில் அழுகையை அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு பௌத்தர் கிறிஸ்தவர்களின் தியாகத்தை இவ்வளவு மரியாதையோடு எழுதியிருக்கும்போது, அதே மரியாதையோடு அவருடைய நம்பிக்கையை நானும் படிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். எதிரொலி கேட்கிறது என்று சொல்வேன். எங்களுடையது என்று சொல்லமாட்டேன்.

கேள்வி: 'மடோகா மாகிகா' என்னும் அனிமே தொடர் குழந்தைகளுக்கானதா? என் மகளுக்கு ஒன்பது வயது.

இல்லை அம்மா. சித்திரங்களின் மென்மையை நம்பிக் காட்டிவிடாதீர்கள். மூன்றாம் பகுதியிலேயே கொடூரமான மரணம் வருகிறது. அவள் வளர்ந்த பிறகு இருவரும் சேர்ந்து பாருங்கள்.

கேள்வி: வாலிபர் கூட்டத்தில் காட்ட ஒரே ஒரு காட்சி சொல்லுங்கள்.

2002இல் வந்த 'ஹைபானே ரென்மேய்' தொடரின் கடைசிப் பகுதி. ஆனால் தனியே காட்டினால் விளங்காது. பதின்மூன்று பகுதிகளையும் நான்கைந்து வாரங்களில் பார்த்து முடியுங்கள். ரெகி என்ற பெண் எல்லோரையும் பராமரிக்கிறாள், யாரிடமும் உதவி கேட்பதில்லை. நல்லது செய்து செய்தே தன் பாவத்திலிருந்து விடுபடலாம் என்று நம்பியவள், இறுதியில் தோற்றுப்போய், தோழி ரக்காவின் பெயரைச் சொல்லித் தன்னைக் காப்பாற்றும்படி கதறுகிறாள். கொடுக்கும் அன்பைப் பற்றி நம் பிள்ளைகள் நிறையக் கேட்டிருக்கிறார்கள். கிருபையைப் பெற்றுக்கொள்வது எவ்வளவு கடினம் என்பதை அங்கே காண்பார்கள். அந்தக் கதறல் முடிந்ததும் விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். விளக்கைப் போடாமல் சற்று நேரம் அப்படியே இருக்க விடுங்கள்.