எஃகு இழை சேர்த்தும் ஜியோபாலிமர் கான்கிரீட்டின் வலிமை கூடவில்லையே, ஏன்?

சிமென்டுக்குப் பதில் சாம்பலைக் காரக் கரைசலால் பிணைத்துச் செய்யும் ஜியோபாலிமர் கான்கிரீட்டில், கன அளவில் 1 சதவீதம் கொக்கி முனை எஃகு இழை போட்டும் 28ஆம் நாள் அமுக்க வலிமை பெரிதாக ஏறவில்லை, 1.5 சதவீதத்தில் இறங்கியே விட்டது, எங்கே தவறு என்று கேட்டிருக்கிறீர்கள். எம்.இ. இரண்டாம் ஆண்டாக இருக்கும். தவறு என்று முதலில் சொன்னவர் உங்கள் வழிகாட்டியாக இருப்பார்.

தவறு ஒன்றும் இல்லை தம்பி. நீங்கள் அமுக்கி உடைத்த கியூப், அதாவது கனசதுர வார்ப்பு, உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறது.

நான் முனைவர் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து சண்டை போட வேண்டாம். டிப்ளமோ முடித்துவிட்டுக் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியின் கான்கிரீட் ஆய்வகத்தில் 19 வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். மேட்டூர் அனல்மின் நிலையச் சாம்பலை மூட்டை மூட்டையாகச் சலித்தவன். இடது மணிக்கட்டில் காஸ்டிக் சோடா வைத்த தழும்பு இன்னும் இருக்கிறது. அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன்.

இழையின் வேலை விரிசல் விட்ட பிறகுதான் தொடங்குகிறது. விரிசலின் இரு கரைகளையும் தைத்துப் பிடிப்பதுதான் அதன் தொழில். கியூப்பை மேலிருந்து அமுக்கும்போது அதற்குப் பெரிய வேலை கிடையாது. பக்கவாட்டில் பிதுங்குவதைக் கொஞ்சம் தடுக்கும், அவ்வளவே. அதனால் அமுக்க வலிமை சிறிதளவே கூடும். பிளவு இழுவிசையிலும் வளைவிலும்தான் இழை தன் கையைக் காட்டும். 1.5 சதவீதத்தில் ஏன் இறங்கியது? சாம்பலைப் பிணைக்க ஊற்றும் சிலிகேட் கரைசல் வெல்லப்பாகு மாதிரி. சிமென்ட் கலவையைப் போல அது ஓடாது. அதில் இழையை அள்ளிக் கொட்டினால் குருவிக்கூடு போலச் சுருண்டுகொள்ளும். அந்தக் கூட்டுக்குள் சாந்து போகாது, காற்றுதான் இருக்கும். உடைத்த கியூப்பின் உள்பக்கத்தைப் பாருங்கள், ஓட்டை தெரியும். 1 சதவீதம் என்றால் கன மீட்டருக்கு 78.5 கிலோ, ஒரு 150 மில்லிமீட்டர் கியூப்புக்கு 265 கிராம். கேட்கக் கொஞ்சமாகத் தெரியும். கையில் எடுத்துப் பாருங்கள், இரண்டு கை கொள்ளாது. கடைசியில், மிக்சர் ஓடிக்கொண்டிருக்கும்போது, கல்யாணத்தில் அட்சதை தூவுவதைப் போலத் தூவ வேண்டும்.

இன்னும் இரண்டு சந்தேகம் உண்டு, கோபிக்காதீர்கள். கியூப்பைப் பழக்கத்தில் தண்ணீர்த் தொட்டியில் போட்டிருப்பீர்களோ? இது சிமென்ட் இல்லை. தண்ணீரில் ஊற வேண்டிய அவசியம் கிடையாது, முழுக்கச் சாம்பல் கலவை என்றால் சூடுதான் வேண்டும். அடுத்தது காஸ்டிக் சோடாக் கரைசல், அதன் செறிவை மோலாரில் சொல்வார்கள். 12 மோலார் என்றால் 480 கிராம் சோடாவை ஒரு லிட்டர் தண்ணீரில் கொட்டுவது என்றுதான் பாதிப்பேர் நினைக்கிறார்கள். சோடா கரைந்த பிறகு மொத்தக் கரைசலும் ஒரு லிட்டராக இருக்க வேண்டும். எடைக்கணக்கில் ஒரு கிலோ கரைசலில் ஏறக்குறைய 361 கிராம் சோடா. முதல் நாளே கலக்கி ஆறவிடுங்கள். கை வைக்க முடியாத சூடு கிளம்பும்.

நான் இதையெல்லாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில வருடங்களுக்கு முன் தருமபுரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோன ஒரு மாணவி. முழுக்கச் சாம்பல், இரும்பு உலைக் கசடுத் தூள் சேர்க்காத கலவை. அடுப்பில் 60 டிகிரியில் 24 மணி நேரம் வைக்க வேண்டும். இரவு மின்சாரம் போய்விட்டது. அது மார்கழி மாதம், எங்கள் பக்கத்துக் குளிர் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. காலையில் அச்சைக் கழற்றினால் கியூப்பின் மூலை என் விரலோடு வந்தது, கேழ்வரகுக் களி மாதிரி. அந்தப் பெண் அழவில்லை. மறுபடி சாம்பல் சலிக்க உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டாம் தடவை வார்த்ததிலும் உங்களுக்கு வந்த அதே கதைதான், 1.5 சதவீதத்தில் கியூப் இறங்கியது. "வரைபடம் ஏறிக்கொண்டே போவதாக இருக்கட்டும்" என்று அவளுக்கு மேலிடத்திலிருந்து யோசனை வந்தது. யார் என்று கேட்காதீர்கள், நான் இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். அவள் மாற்றி எழுதவில்லை. வளைத்து உடைக்கும் பீம் சோதனைக்கு வந்து நின்றாள்.

இழை இல்லாத பீம் வழக்கம்போல் படாரென்று இரண்டாகப் பிளந்து விழுந்தது. அடுத்து இழை போட்டது. விரிசல் விட்டது, சுமை காட்டும் முள் உச்சத்தைத் தொட்டு இறங்கியது. எழுதிக்கொள்ள வேண்டிய எண் வந்துவிட்டதே என்று எந்திரத்தை நிறுத்தக் கை நீட்டினேன். ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், பொய் சொல்வானேன். "அண்ணா, நிறுத்தாதீர்கள்" என்றாள். விட்டேன். விரிசல் வாய் பிளந்துகொண்டே போகிறது, ஆனால் பீம் விழவில்லை. உள்ளே இழைகளின் கொக்கி ஒவ்வொன்றாக நிமிர்ந்து உருவிக்கொண்டு வரும் சத்தம், டிக், டிக்கென்று. முள்ளும் கீழே விழாமல் பிடிவாதமாகப் பாதி வழியில் நின்றது. அத்தனை வருடமும் அந்தப் பாதியைப் பார்க்காமலே நான் எந்திரத்தை நிறுத்தியிருக்கிறேன். எத்தனை பேருடைய ஆய்வை அரைகுறையாக்கினேனோ.

ஆகவே உங்கள் அறிக்கையில் கியூப் எண்ணை அப்படியே எழுதுங்கள். அதன் பக்கத்தில் பீமின் சுமை, தொய்வு வரைபடத்தைக் கடைசிவரை போடுங்கள். தொய்வு அளக்கும் டயல் கேஜ் இல்லாவிட்டால் பக்கத்துக் கல்லூரியில் இரவல் வாங்குங்கள். நீங்கள் தேடும் பலன், அதாவது விரிசலுக்குப் பிறகும் பீம் தாங்கிய தாங்கல், அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும் பரப்பில் இருக்கிறது. உத்தரத்தை இழையை மட்டும் நம்பி வார்க்கலாமா என்று யாராவது பின்னூட்டத்தில் பாய்வார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை; முறுக்குக் கம்பி கம்பியாகவே இருக்கட்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. அந்தப் பெண்ணின் வேலை பிறகு கட்டுரையாக வெளிவந்தது. ஆசிரியர்கள் நான்கு பேர். எந்திரத்தின் பக்கம் எட்டிப் பார்க்காத ஒருவர் பெயர் இரண்டாவதாக இருக்கிறது. என் பெயர் எங்கும் இல்லை, "ஆய்வக வசதிகளுக்கு நன்றி" என்று இருக்கிறது. நான் வசதியாம். கல்லூரி பஸ்ஸில்கூட முன்பக்க இருக்கை எங்களுக்குக் கிடையாது, அதைத் தனியாகவே எழுத வேண்டும். அந்தப் பெண் மட்டும் தன் ஆய்வேட்டில் என் பெயரை இனிஷியலோடு போட்டிருந்தாள். இனிஷியல் தப்பு. பரவாயில்லை.

பீம் உடைக்கும் நாளில் உங்கள் டெக்னீஷியனிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், ஒரு பீமுக்கு அரை மணி நேரமாவது ஆகும் என்று. மதியத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டால் அவரும் முகம் சுளிக்க மாட்டார்.